வாசனைக்குத் தனி வரி

வேதமாணிக்கம் ராயபுரத்தில் பிறந்தவன். அதிலும் தோல் கிடங்குச் சந்தில். அதிலும் உப்புத் தோல்களை வண்டியிலிருந்து இறக்கிப் போடும் வாசலுக்கு நேர் எதிர் வீட்டில். அந்தச் சந்தில் பிறக்கும் குழந்தைகள் முதல் மூன்று மாதம் ஓயாமல் அழும், பிறகு அழாது. குழந்தை பழகிவிட்டது என்று பெற்றவர்கள் நிம்மதியடைவார்கள். மற்றக் குழந்தைகளுக்கு எப்படியோ, வேதமாணிக்கத்தின் மூக்கு பழகவில்லை, ராஜினாமா செய்துவிட்டது.

இது அவனுக்கே பத்து வயதில்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பீரோவுக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்து, வகுப்பு முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடியது. வாத்தியாரும் ஓடினார். வேதமாணிக்கம் மட்டும் உட்கார்ந்து கணக்கைப் போட்டு முடித்தான். அந்த வருஷம் ‘எந்நிலையிலும் கலங்காத மாணவன்’ என்று அவனுக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அவன் உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. அப்படியே பழகிப் போயிற்று.

1952-ஆம் வருஷம் அவனுக்கு இருபத்தொன்பது வயது. துறைமுகத்தில் கிளியரிங் குமாஸ்தா. வெளிநாட்டிலிருந்து கப்பலில் சரக்கு வரவழைக்கும் வியாபாரிகளுக்காகச் சுங்க ஆபீசில் பாரம் எழுதிக் கொடுத்து, அதிகாரிகள் பின்னாலேயே ஓடி, சரக்கை வெளியே எடுத்துத் தரும் வேலை. பாரத்தில் சரக்கு இன்னதென்று எழுத வேண்டும். எழுதியதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். எழுதியவனிடமிருந்து அவன் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். பாஸ் என்பது போட்டோ ஒட்டிய ஒரு பழுப்பு அட்டை. அது இல்லாதவனைத் துறைமுகக் கேட்டில் நிற்கும் போலீஸ்காரர் வழிப்போக்கனாக நடத்துவார். வேதமாணிக்கம் குளிக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

ஆனால் சுங்க ஆபீஸ் என்பது மூக்கால் நடக்கும் ஆபீஸ். தேயிலை வந்தால் முகர்ந்து பார்ப்பார்கள். பெருங்காயம், கிராம்பு, கற்பூரம், சாயம், சோப்பு எல்லாவற்றையும் முகர்ந்துதான் தரம் சொல்வார்கள். முகர்ந்துவிட்டுப் பக்கத்தில் நிற்கும் குமாஸ்தாவிடம் நீட்டுவார்கள். வேதமாணிக்கம் வாங்கி, குனிந்து, மனசுக்குள் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி, கண்ணை லேசாக மூடித் திறந்து, அதிகாரி முகம் எப்படி இருக்கிறதோ அதே முகத்தை வைத்துக்கொள்வான். ஏழு வருஷமாக ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவனுக்கு நல்ல மூக்கு என்றுகூட ஒரு பேச்சு இருந்தது.

இந்த நிலையில்தான் பக்ருதீன் சாயபுவின் ஐந்து பெட்டிகள் வந்தன.

பக்ருதீனுக்கு வண்ணாரப்பேட்டையில் காகிதக் கடை. நோட்டு, கவர், பென்சில், சிலேட்டு என்று முப்பது வருஷமாக விற்றவர், வயசான காலத்தில் ஏதாவது சோக்காகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஹாம்பர்க்கிலிருந்து லெட்டர் பேடுகள் வரவழைத்தார். இளம் மஞ்சள் தாள், ஓரத்தில் ரோஜாப் பூ, உள்ளே அதே மாதிரி கவர் இருபது. தபாலில் வந்த ஒரு மாதிரியை வேதமாணிக்கத்தின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“பாரு நைனா. இன்னா சொல்றே?”

காகித வியாபாரிகள் தாளை முகத்தருகே தூக்குவது அதில் வாட்டர்மார்க் என்னும் நீரோட்டக் குறி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வேதமாணிக்கம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். குறி இல்லை.

“சரக்கு சுத்தம் சாயபு” என்றான்.

“சுத்தமா? மயக்குதுபா! இத்த வச்சு லெட்டர் எழுதினா மாமியார்கூட பதில் போடுவா.”

“கண்டிப்பா” என்றான் வேதமாணிக்கம், அவர் முகத்தைப் பார்த்து அதே முகத்தை வைத்துக்கொண்டு. பிறகு ஆபீசுக்குப் போய்ப் பாரத்தில் ‘எழுதும் காகிதம், கவர்களுடன்’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தான். பக்ருதீனின் இறக்குமதி லைசென்ஸ் எழுதும் காகிதத்துக்குத்தான். எல்லாம் சரியாக இருந்தது.

செப்டம்பரில் துறைமுக ஷெட்டில் பெட்டியைத் திறந்தார்கள். திறந்தவர் அப்ரைசர் கிருஷ்ணப்பன். வந்த சரக்கு சட்டத்தின் எந்தப் பிரிவில் சேரும், அதற்கு என்ன வரி என்று சொல்வது அவர் வேலை. தன் மூக்கின் மேல் அவருக்கு இருந்த மரியாதை தன் மேலதிகாரி மேல்கூடக் கிடையாது. மூடியைத் தூக்கியதும் இரண்டடி பின்னால் போனார். பிறகு மூன்றடி முன்னால் வந்தார்.

“ரோஜா அத்தர்” என்றார்.

“ரோஜாப் படம் சார்” என்றான் வேதமாணிக்கம் பணிவாக.

கிருஷ்ணப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “படமா? ஷெட் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணக்குது. உன் பாரத்துல வாசனைன்னு ஒரு வார்த்தை இருக்கா? அத்தர் போட்ட தாள் எழுதுபொருள் இல்லைய்யா. ஒப்பனைச் சாமான். அதுக்குத் தனி வரி, தனி லைசென்ஸ். சாயபுகிட்ட அந்த லைசென்ஸ் இருக்கா?”

“இல்லிங்க.”

“இல்லைன்னு தெரிஞ்சுதான் வாசனையை மறைச்சு எழுதினே.”

வேதமாணிக்கம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். தெரியாமல் எழுதினேன் என்று சொல்லலாம். எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பார். எனக்கு மூக்கு வேலை செய்யாது என்று சொன்னால் நம்ப மாட்டார். ஏழு வருஷமாக அவர் நீட்டிய தேயிலையை எல்லாம் முகர்ந்து தலையாட்டியவன் அவன். ஒருவேளை நம்பிவிட்டால் இன்னும் மோசம். முகர முடியாத குமாஸ்தாவை நம்பி எந்த வியாபாரி சரக்கைக் கொடுப்பான்?

கிருஷ்ணப்பன் ஒரு லெட்டர் பேடை மாதிரிக்கு எடுத்துச் சுங்க ரசாயனக்கூடத்துக்கு அனுப்பினார். பெட்டிகளை ஷெட்டிலேயே நிறுத்தி வைத்தார். மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. சரக்கை ஏன் பறிமுதல் செய்யக்கூடாது என்று பக்ருதீனும், பாஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று வேதமாணிக்கமும், நவம்பர் பதினேழாம் தேதி சுங்கத்துறை அசிஸ்டெண்ட் கலெக்டர் முன்னால் வந்து சொல்ல வேண்டும்.

பக்ருதீன் நோட்டீசை மடித்து ஜிப்பாவில் வைத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்கு வந்தார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

“இன்னா நைனா இப்டி பண்ட்டே? நீ மோந்து பாத்துட்டுத்தானே சுத்தம்னு சொன்னே? வாசனைக்குத் தனி லைசென்ஸ்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சரக்கே இறக்கியிருக்க மாட்டேனே. எனக்குக் காகிதம் தெரியும். கவர்மெண்டு தெரியாது. அதுக்குத்தானே உன்னைப் புட்ச்சேன்?”

“தப்பு என்னிதுதான் சாயபு.”

“தப்பு உன்னிதுன்னா பேரு என்னிதுல்ல போவுது! ஒரு தபா பறிமுதல்னு எழுதிட்டா அப்பால லைசென்ஸே குடுக்க மாட்டான். பழையபடி சிலேட்டுக் குச்சி வித்துகினு உக்காரணும்.” போகும்போது வாசலில் திரும்பி, “இந்தச் சந்துல எப்டிபா குடியிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு ஜிப்பா முனையால் மூக்கை மூடிக்கொண்டு போனார்.

உள்ளே அவன் மனைவி தேவப்பிரியம் அடுப்பில் மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். திருவொற்றியூர்ப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம். அவள் தட்டைப் போட்டதும் வேதமாணிக்கம் வழக்கம்போல், “வாசனை தூக்குது பிரியம்” என்றான்.

“அடிப்பிடிச்சிப் போச்சு” என்றாள் அவள்.

வேதமாணிக்கம் தட்டைப் பார்த்தான்.

“மூணு வருசமா எது வச்சாலும் வாசனை தூக்குதுன்றே. பால் தீஞ்சாலும் தூக்குது. அன்னிக்கு ஸ்டவ்வுல மண்ணெண்ணெ ஒழுகி வூடே நாறிக்கினு கீது, நீ உள்ள வந்து ‘இன்னா பிரியம், பாயசமா’ன்னு கேட்டே. எனக்குக் கல்யாணமான மொத வாரமே தெரியும்யா.”

“சொல்லவேயில்லியே நீ?”

“நீ சொன்னியா? எதுக்கோ மறைக்கிறே, ஆம்பளைக்கு ஒரு ரோசம் கீதுன்னு வுட்டுட்டேன். எனக்கும் சௌகரியமாத்தான் இருந்துது. தீஞ்சதை எல்லாம் உனக்கே வச்சேன்.”

அவன் சாப்பிட்டான். அடிப்பிடித்த குழம்பு எப்போதும்போலத்தான் இருந்தது.

“அந்த ஆபீசர்கிட்ட இத்த சொல்லிடு” என்றாள் தேவப்பிரியம்.

“சொன்னா பாஸு போவாது. ஆனா ஆளுங்க போய்டுவாங்க. மூக்கு இல்லாதவன்கிட்ட எவன் சரக்கு குடுப்பான்?”

“சொல்லாங்காட்டி?”

“பாஸு போய்டும்.”

“அப்போ சொல்றதுதானே லாபம்” என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள். அவளுக்கு எல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டின் கூரையில் ஓர் ஓடு விலகி, பக்ருதீனின் பெட்டிகள் மேல் தண்ணீர் சொட்டியது. ஷெட் மேஸ்திரி தங்கப்பாண்டி பொறுப்பானவர். காகிதம் நனைந்தால் பாழாகிவிடும் என்று பதறி, நான்கு ஆட்களைக் கூப்பிட்டு, ஐந்து பெட்டிகளையும் ஷெட்டிலேயே துளி ஈரம் படாத மூலைக்கு மாற்றினார். அந்த மூலை ஈரம் படாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. கொழும்புக்குப் போக வேண்டிய கருவாட்டு மூட்டைகளை அங்கேதான் அடுக்கி வைப்பார்கள் என்பதால், அந்தப் பக்கத்துக் கூரையை மட்டும் ஒழுங்காகப் பழுது பார்ப்பார்கள். அன்றைக்கு முந்நூறு மூட்டை இருந்தது. புயல் எச்சரிக்கையால் கொழும்புக் கப்பல் வரவில்லை. முந்நூறு மூட்டையும் ஐந்து பெட்டியும் ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றாகக் குடித்தனம் நடத்தின.

மழைக்காலத்தில் கருவாடு சும்மா இருக்காது. காகிதமும் சும்மா இருக்காது. எதைக் கொடுத்தாலும் உறிஞ்சிக்கொள்ளும்.

இதை யாரும் வேதமாணிக்கத்திடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அவன்தான் தினம் மூன்று தரம் அந்த மூலைக்கு வந்து, பெட்டிகளைத் தடவிப் பார்த்து, பெருமூச்சு விட்டுப் போகிறானே. அப்படி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விடுகிறவனுக்குத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

நவம்பர் பதினேழாம் தேதி காலை பதினொரு மணிக்கு விசாரணை. அசிஸ்டெண்ட் கலெக்டர் குணசேகரன் அமைதியான மனிதர். பேசுவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பாதி வழக்குகள் அவர் துடைத்து முடிப்பதற்குள் தாமாகவே சமாதானமாகிவிடும். அவர் முதலில் ரசாயனக்கூடத்திலிருந்து வந்த அறிக்கையைப் படித்தார்.

“‘மாதிரியை முறைப்படி எரித்துப் பரிசோதித்தோம். மிஞ்சியது காகிதச் சாம்பல். ஆகவே பொருள் காகிதம். எரியும்போது தீய்ந்த வாசனை வந்தது.’” குணசேகரன் நிமிர்ந்தார். “ரோஜா எங்கே?”

“எரிச்சுட்டாங்க சார்” என்றார் கிருஷ்ணப்பன் வருத்தத்துடன். “ஆனா அஞ்சு பெட்டி பத்திரமா இருக்கு. ஒண்ணைக் கொண்டாரச் சொல்லியிருக்கேன். மூடியைத் திறந்தா அதுவே சாட்சி சொல்லும்.”

தங்கப்பாண்டியும் இன்னொருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தங்கப்பாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். “திறய்யா” என்றார் கிருஷ்ணப்பன். கடப்பாரையால் மூடியை நெம்பினார்கள்.

அது சாட்சி சொன்னது.

தோளில் சிவப்புப் பட்டை போட்ட டவாலிச் சேவகன்தான் முதலில் வெளியே போனான், உத்தரவு கேட்காமலே. பக்ருதீன் “யா அல்லா” என்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். டைப் அடிப்பவர் மெஷினைக் கைவிட்டு ஜன்னலுக்குப் போனார். கிருஷ்ணப்பனின் கண்ணில் தண்ணீர் வந்தது. குணசேகரன் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு மெல்ல மூச்சு விட்டுப் பார்த்தார்.

வேதமாணிக்கம் இவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். எந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ரோஜாவுக்கு மனிதர்கள் இப்படி முகம் வைத்து அவன் பார்த்ததில்லை. ஒருவேளை ரொம்ப நல்ல ரோஜாவோ?

“கிருஷ்ணப்பன், இது அத்தரா?” என்று கேட்டார் குணசேகரன்.

கிருஷ்ணப்பன் நேர்மையானவர். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே சொன்னார்: “செப்டம்பர்ல அத்தர் சார். ஆனாலும் சட்டத்துல ‘மணமூட்டிய தாள்’னுதான் இருக்கு. என்ன மணம்னு போடலை. இதுவும் மணம்தானே? பிரிவு மாறாது சார்.”

“இதை மணம்னு சொல்றீங்க.”

“சட்டப்படி சார்.”

குணசேகரன் வேதமாணிக்கம் பக்கம் திரும்பினார். “நீதான் பாரம் எழுதினவன். உண்மையைச் சொல்லு. இப்ப இந்தப் பெட்டியிலேர்ந்து உனக்கு என்ன வாசனை வருது?”

ரோஜா என்றால் அவனே மறைத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். வேறு எதையாவது சொல்லலாம் என்றால், எதைச் சொல்வது? உலகத்தில் எத்தனையோ வாசனைகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டிருக்கிறான். ஒன்றும் வரவில்லை என்பதுதான் உண்மை. சுற்றியுள்ள முகங்களைப் பார்த்தால் அதைவிடப் பெரிய பொய் இருக்க முடியாது போலிருந்தது. சட்டைப் பைக்குள் பழுப்பு அட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

“ஒண்ணியும் வரலை சார்” என்றான்.

கிருஷ்ணப்பன் கைக்குட்டையை இறக்கினார். “என்னது?”

“இப்பவும் வரலை, அன்னிக்கும் வரலை. எனக்குச் சின்ன வயசிலேர்ந்து எந்த வாசனையும் தெரியாது சார். நீங்க தேயிலை குடுத்தப்பெல்லாம் உங்க மொகத்தைப் பாத்துத்தான் தலையாட்டினேன். மன்னிச்சிடுங்க.”

“என் முகத்தைப் பார்த்தா?”

“உங்க மொகம் ரொம்ப கரெக்டா இருக்கும் சார்.”

கிருஷ்ணப்பனுக்குக் கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் இரண்டும் ஒன்றாக வந்தது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். மாதிரிச் சாமான் அறையிலிருந்து பெருங்காயமும் காபிப் பொடியும் மண்ணெண்ணெயும் வந்தன. சேவகனைத் திரும்பக் கூப்பிட்டு, அவன் சிவப்பு டவாலியை வாங்கி வேதமாணிக்கத்தின் கண்ணைக் கட்டினார்கள். ஒவ்வொன்றாக மூக்குக்கு நேரே நீட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவன், “தெரியலை சார்” என்றான். கடைசியில் கிருஷ்ணப்பன் தந்திரமாக வெறும் கையை நீட்டினார். அதற்கும், “தெரியலை சார்” என்றான்.

“இது எதையும் நிரூபிக்காது சார்” என்றார் கிருஷ்ணப்பன். “தெரியலைன்னு யார் வேணா சொல்லலாம். நல்லா மூக்கு இருக்கிறவனும் சொல்லலாம்.”

அது நியாயமாகத்தான் இருந்தது. குணசேகரன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மணி ஒன்றடித்தது. “சாப்பிட்டு வந்து பார்ப்போம். அந்தப் பெட்டியை வெளியே கொண்டு போய் வைங்க. மூடியும் போட்டுடுங்க.”

மூடி நெம்பியதில் உடைந்துவிட்டது. திறந்த பெட்டியை வராந்தாவின் கோடியில் வைத்துவிட்டுத் தங்கப்பாண்டி ஓட்டமாக ஓடினார். பத்து நிமிஷத்துக்குள் அந்த வராந்தாவில் சாப்பிட உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்களும் சேவகர்களும் இலையைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார்கள். சுவரோரம் படுத்திருந்த நாய் மட்டும் எழுந்து வந்து, பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஏமாந்து, திரும்பிப் படுத்தது.

வேதமாணிக்கம் டிபன் செட்டோடு வெளியே வந்தான். வராந்தாவில் இவ்வளவு இடம் காலியாக இருந்து அவன் பார்த்ததே இல்லை. இன்றைக்காவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று நினைத்தான். இன்னும் ஒரு மணி நேரத்தில் பாஸ் போய்விடும். நாளை முதல் வராந்தாவும் கிடையாது. இதற்குள் மழைச் சாரல் அடித்துத் தரை ஈரமாகியிருந்தது. உட்காருவதற்கு ஒரே ஒரு காய்ந்த இடம்தான் இருந்தது. அவன் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, லெட்டர் பேடுகள் மேல் ஒரு காகிதத்தை விரித்து, அதன் மேல் டிபன் செட்டை வைத்து, தயிர் சாதத்தைப் பிசைந்து, மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டான். ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை. முடித்துவிட்டு விரலை நக்கினான். பிறகு பெட்டியின் மேலேயே முழங்கையை ஊன்றி, முகத்தைக் கையில் தாங்கி, கொஞ்சம் கண்ணயர்ந்தான்.

எதிர்க்கட்டு மாடி ஜன்னலிலிருந்து குணசேகரன் இதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். அவர் அப்போதுதான் தன் டிபனைத் திறந்து, காற்று அந்த நாற்றத்தை அங்கேயும் கொண்டுவந்ததால் மூடி வைத்திருந்தார்.

“கிருஷ்ணப்பன், இங்கே வாங்க.”

கிருஷ்ணப்பன் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதை நடிக்க முடியுமா?” என்று கேட்டார் குணசேகரன்.

“முடியாது சார்” என்றார் கிருஷ்ணப்பன். அவருடைய குரலில் முதல் தடவையாக மரியாதை இருந்தது.

இரண்டரை மணிக்கு உத்தரவு. மூக்கில்லாதவன் வாசனையை மறைக்க முடியாது. ஆகவே வேதமாணிக்கம் மேல் குற்றமில்லை. குமாஸ்தாவுக்கு எழுத்தறிவு வேண்டும், நன்னடத்தை வேண்டும் என்று விதி சொல்கிறது. மூக்கு வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே பாஸ் அவனிடமே இருக்கலாம். மணமூட்டிய தாள் என்றால், செய்தவன் பெருமையாக மணமூட்டிய தாள். இந்த மணத்தைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளும் கம்பெனி ஹாம்பர்க்கில் இருக்க முடியாது. ரோஜா இருந்ததற்கு அப்ரைசரின் ஞாபகம் தவிர வேறு அத்தாட்சி இப்போது இல்லை. ஆகவே சரக்கு எழுதுபொருள். வரியைக் கட்டிவிட்டு எடுத்துப் போகலாம்.

“எங்கே எடுத்துகினு போறது?” என்றார் பக்ருதீன் வெளியே வந்ததும். “பேரு தப்பிச்சுது, அல்லாவுக்கு நன்றி. ஆனா நைனா, இந்தக் கலீஜை எவன் வாங்குவான்?”

“சாயபு, நெசமாவே அவ்ளோ மோசமாவா கீது?”

பக்ருதீன் அவனைப் பார்த்தார். இரண்டு மாதக் கோபம் எங்கேயோ போய்விட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். “நீ குடுத்து வச்சவன்பா!”

பேடுகளை வண்ணாரப்பேட்டையில் தன் மொட்டை மாடியில் காயப் போட்டார். காக்கைகள் வந்தன. பிறகு பூனைகள் வந்தன. பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். கடைசியில் வேதமாணிக்கம்தான் வழி சொன்னான். தோல் கிடங்குச் சந்தில் பதினோரு கிடங்கு ஆபீஸ். பதினோரு ஆபீசிலும் நாள் முழுக்கக் கடிதம் எழுதுகிறார்கள். ஒரு வாரத்தில் அத்தனை பேடும் அங்கே விற்றுப் போயின. ‘தாள் வழவழவென்று இருக்கிறது, ரோஜாப் படம் அழகு’ என்று மறுபடி கேட்டனுப்பினார்கள்.

வேதமாணிக்கம் பயந்தது அடுத்த திங்கட்கிழமைக்கு. விசாரணை நடந்த கதை அதற்குள் பீச் ஸ்டேஷன் முதல் எண்ணூர் வரை பரவியிருந்தது. இனி ஒரு வியாபாரியும் எட்டிப் பார்க்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டு காலையில் கதவைத் திறந்தவன், வாசலில் ஆறு பேர் நிற்பதைப் பார்த்தான். எல்லோரும் மூக்கை மூடிக்கொண்டு, கண்ணால் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் நின்றவர் மண்ணடியில் பொம்மைக் கடை வைத்திருப்பவர். ஜப்பானிலிருந்து காகித விசிறி வரவழைத்திருந்தார்.

“மூக்கு இல்லேன்னு ஆர்டர் வாங்கினது நீதானே?”

“நான்தாங்க.”

“அதான் வந்தேன். வெறும் காகித விசிறின்னு நீ எழுதிக் குடு. நாளைக்கு எவனாவது மோந்து பாத்தாலும், பாவம் இவனுக்கு இன்னா தெரியும்னு வுட்டுடுவான். உன்னாண்டதான் கவர்மெண்டு காகிதமே கீதே!”

பின்னால் நின்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ஒருவரிடம் சோப்புப் பெட்டி. ஒருவரிடம் ஊதுவத்தி. மற்றவர்கள் என்ன சரக்கென்று சொல்லவில்லை.

வேதமாணிக்கம் விசிறியை வாங்கி விரித்து, மடித்து, யோசித்தான். தெரியாமல் எழுதியதற்கு ஒரு தடவை மன்னித்துவிட்டார்கள். தனக்குத் தெரியாது என்று தெரிந்துகொண்டே எழுதினால், அது தெரிந்தே எழுதியதாகத்தான் ஆகும். அந்த ஜன்னலில் இன்னொரு தடவை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

“கொஞ்சம் இருங்க” என்று உள்ளே போனான்.

தேவப்பிரியம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விசிறியை வாங்கி முகத்தருகே ஒரு தடவை வீசிக்கொண்டாள்.

“சந்தனம்” என்றாள். “மட்ட சந்தனம். பசை வாசனை வராம இருக்கத் தடவியிருக்கான்.”

வேதமாணிக்கம் வாசலுக்கு வந்து, பாரத்தை முழங்காலில் வைத்து, ‘காகித விசிறி, மட்டமான சந்தன வாசனை பூசியது’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் காட்டினான்.

பொம்மைக் கடைக்காரர் படித்தார். “யோவ்! மூக்கு இல்லேன்னு சொன்னாங்களே!”

“எனக்கு இல்லிங்க. வூட்ல கீது.”

“அதுலயும் மட்டம்னு வேற எழுதணுமா?”

“சரியா எழுதலேன்னா பாஸு போய்டுங்க.”

அவர் விசிறியைப் பிடுங்கிக்கொண்டு, “பேஜாரு புட்ச்ச குடும்பம்!” என்று சொல்லிவிட்டுப் போனார். சோப்புக்காரர் போனார். ஊதுவத்திக்காரர் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். என்ன சரக்கென்று சொல்லாத ஒருவரும் அவர் பின்னாலேயே நழுவினார். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவருக்கு ரங்கூனிலிருந்து மர ஸ்கேல் வந்திருந்தது. தேவப்பிரியம் பார்த்து, வாசனை இல்லை, மரம்தான் என்றாள். இன்னொருவருக்கு இரும்பு ஆணி.

“ஆணிக்கு எதுக்கும்மா மூக்கு?” என்றார் அவர்.

“குடுங்க” என்று ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தாள் தேவப்பிரியம். “எண்ணெ தடவியிருக்கு. அதையும் எழுதுய்யா.”

வேதமாணிக்கம் எழுதினான்.